மலைக் கொரில்லாக்களும் மரபணுப் பன்மையும்: ஒரு வரலாறு

மலைக் கொரில்லா உலகில் இரண்டே இடங்களில் வாழ்கிறது. ஒன்று, ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் கூடும் விருங்கா எரிமலைத் தொடர். மற்றொன்று, அதற்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி உகாண்டாவில் இருக்கும் புவிண்டிக் காடு. 2015–16 கணக்கெடுப்பின்படி விருங்காவில் 604, 2018 கணக்கெடுப்பின்படி புவிண்டியில் 459, ஆக 1,063. நம் ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அவ்வளவு இருக்கும். ஒரு விலங்கினத்தின் மொத்தத் தொகை அதுதான்.

ஆனால் 1981இல் விருங்காவில் இருந்தவை 254 மட்டுமே. அங்கிருந்து ஏறி வந்த எண் இது. சிம்பன்சி, ஒராங்குட்டான், மற்றக் கொரில்லாக்கள் என்று காட்டில் வாழும் பெரிய வாலில்லாக் குரங்குகள் எல்லாம் குறைந்துகொண்டிருந்த காலத்தில் மலைக் கொரில்லா மட்டும் கூடியது. அந்த மலைக் கொரில்லாக்களோ, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய மரபணுக்களைக் கொண்டவை. மரபணுப் பன்மை குறைந்தால் நோய் பெருகும், இனம் அழியும் என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். பாடமும் எண்ணிக்கையும் இப்படி முரண்படுவது ஏன் என்பதற்கு விடை தேட, நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

மரபணுப் பன்மை ஏன் தேவை

ஒவ்வொரு மரபணுவும் நம் உடலில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாய் வழி, மற்றொன்று தந்தை வழி. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பெரும்பாலும் உடல் சமாளித்துக்கொள்ளும். தாயும் தந்தையும் நெருங்கிய உறவாக இருந்தால், இருவருக்கும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த அதே பழுதான பிரதி பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரக்கூடும். தமிழ்நாட்டில் மகப்பேறு மருத்துவர்கள் “சொந்தத்தில் கல்யாணமா?” என்று கேட்பது இதனால்தான். காட்டு விலங்குகளிடையே நடக்கும் இத்தகைய உறவுச் சேர்க்கையை உட்கலப்பு என்கிறோம். கென்யாவின் அம்போசெலியில் பல பத்தாண்டுகளாகக் கவனிக்கப்பட்டுவரும் பபூன் குரங்குகளில், நெருங்கிய உறவுகளுக்குப் பிறந்த குட்டிகள் அதிகம் இறப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். விலங்குக் காட்சிசாலைகளில் பிறந்த குரங்குகளின் பதிவேடுகளும் இதையே காட்டின.

இரண்டாவது காரணம் நோயெதிர்ப்பு. உடலுக்குள் நுழையும் கிருமியின் துண்டுகளைப் பிடித்து, ‘இது அந்நியம்’ என்று காவல் செல்களுக்குக் காட்டும் புரதங்கள் உண்டு. அவற்றை உருவாக்கும் மரபணுக்களில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கலாம்; ஒவ்வொரு வகையும் சில கிருமிகளை நன்றாகப் பிடிக்கும், சிலவற்றைத் தவறவிடும். ஒரு கூட்டத்தில் பல வகைகள் இருந்தால் எந்தக் கிருமியும் எல்லோரையும் ஒருசேர வீழ்த்துவது கடினம். மடகாஸ்கரில் வாழும் சுண்டெலி அளவேயான சாம்பல் லெமூர்களை ஆராய்ந்தபோது, உடலில் இருக்கும் ஒட்டுண்ணிப் புழுக்களின் அளவுக்கும் இந்த மரபணு வகைகளுக்கும் தொடர்பு தெரிந்தது.

கூட்டம் சிறுத்தால் இந்தப் பன்மை தானாகவே கரையும். பத்துப் பேரில் ஒருவரிடம் மட்டும் இருக்கும் ஒரு மரபணு வகை, அவர் வாரிசில்லாமல் போனால் அத்தோடு போயிற்று. நல்லதா கெட்டதா என்று பார்த்து எதுவும் போவதில்லை, குலுக்கல்தான். பிறகு எண்ணிக்கை பெருகலாம், போன வகை திரும்பாது. புதிய வகைகள் பிறழ்வுகளால் உருவாகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும்.

துப்பாக்கி முனையில் அறிமுகம்

1902 அக்டோபர் 17 அன்று, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் படைத் தலைவர்களில் ஒருவரான ராபர்ட் ஃபொன் பெரிங்கே, விருங்காவின் சபின்யோ மலையில் ஏறிக்கொண்டிருந்தார். மேலே கரிய பெரிய குரங்குகளின் கூட்டம் ஒன்று தெரிந்தது. சுட்டார். இரண்டு விழுந்தன. பள்ளத்திலிருந்து மீட்க முடிந்த ஒன்றின் எச்சங்கள் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கே விலங்கியலாளர் பால் மாட்சி 1903இல் அதற்குப் பெரிங்கேயின் பெயரையே வைத்தார். கொன்றவரின் பெயரை இன்றுவரை அந்த விலங்கு சுமந்துகொண்டிருக்கிறது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அருங்காட்சியகங்களுக்காகவும் பெருமைக்காகவும் வந்த வேட்டையாளர்கள் பலர். 1921இல் ஸ்வீடன் இளவரசர் வில்ஹெல்மின் குழு மட்டும் 14 கொரில்லாக்களைச் சுட்டது. அதே ஆண்டு நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக வந்த கார்ல் ஏக்லியும் சுட்டார். ஆனால் சுட்டபின் மனம் மாறினார். அவர் தொடர்ந்து வற்புறுத்தியதன் பயனாக 1925இல் பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட்டின் பெயரில் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது அதுதான். ஏக்லி 1926இல் அந்த மலையிலேயே நோயுற்று இறந்து, மிகெனோ மலைச் சரிவில் புதைக்கப்பட்டார்.

1959–60இல் ஜார்ஜ் ஷாலர் என்ற இளம் உயிரியலாளர் ஆயுதமின்றிக் கொரில்லாக்களின் நடுவே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். விருங்காவில் 400 முதல் 500 வரை இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. இருபதாண்டுக்குள் அது பாதியானது. கொம்பு மான்களுக்கு வைத்த கம்பிக் கண்ணிகளில் கொரில்லாக்களின் கைகால்கள் சிக்கின. குட்டிகளைப் பிடித்து விற்பதற்காகப் பெரியவை கொல்லப்பட்டன. இவற்றைவிடப் பெரிய அடி, நில இழப்பு. 1960களின் இறுதியில் ருவாண்டாப் பக்கத்துப் பூங்காவில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலம் பைரீத்ரம் பயிரிடுவதற்காக வெட்டி அழிக்கப்பட்டது. சாமந்தி போன்ற பூ அது. பூச்சிக்கொல்லி தயாரிக்கப் பயன்பட்டது. ஐரோப்பியப் பண உதவியோடு நடந்த திட்டம். எல்லோரும் வேட்டையாடியைக் குறை சொல்வார்கள், பூச்செடியை யாரும் சொல்வதில்லை.

ஒட்டிய விரல்கள்

1967இல் டயான் ஃபாசி அங்கே வந்தார். ருவாண்டாவில் கரிசோகே என்ற ஆய்வு முகாமை அமைத்து, மூக்கின் சுருக்கக் கோடுகளை வைத்து ஒவ்வொரு கொரில்லாவையும் அடையாளம் கண்டு, யார் யாருக்குப் பிறந்தது என்று குடும்ப மரம் வரைந்தார். மரபணுச் சோதனை என்ற ஒன்றே இல்லாத காலம் அது. ஆனாலும் அவர் கண்ணில் இரண்டு விஷயங்கள் பட்டன. சில கொரில்லாக்களின் கைவிரல்கள் அல்லது கால்விரல்கள் தோலால் ஒட்டியிருந்தன. சிலவற்றுக்கு மாறுகண் இருந்தது. ஒரே குடும்பங்களில் இவை திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, உட்கலப்பின் அடையாளமாக இருக்கலாம் என்று எழுதினார்.

ஃபாசிக்குப் பிரியமான டிஜிட் என்ற ஆண் கொரில்லா 1977 டிசம்பர் 31 அன்று வேட்டையர்களால் கொல்லப்பட்டது. அந்தப் பெயரே விரல் தொடர்பானது; அதன் கைவிரல் ஒன்று கோணலாக இருந்ததால் வைத்த பெயர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஃபாசியும் தன் முகாமிலேயே கொலையுண்டார். அவர் விட்டுச்சென்ற குடும்ப மரங்கள் பிற்காலத்தில் மரபணு ஆய்வாளர்களுக்கு அடித்தளமாயின.

இரத்தம் சொன்ன கதை

காட்டுக் கொரில்லாவிடம் இரத்தம் எடுப்பது எளிதல்ல. கண்ணியில் சிக்கியதை விடுவிக்கவோ நோய்க்கு மருந்து கொடுக்கவோ மயக்க ஊசி போடும்போதுதான், கால்நடை மருத்துவர்கள் சிறிது இரத்தத்தைச் சேமிக்க முடியும். அப்படிச் சேர்த்த மாதிரிகளிலிருந்து 7 மலைக் கொரில்லாக்களின் முழு மரபணுத் தொகுதிகள் முதன்முதலாக வாசிக்கப்பட்டு, 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின. இங்கிலாந்தின் வெல்கம் சாங்கர் நிறுவனத்தினர் முன்னின்று செய்த ஆய்வு.

தாய் வழிப் பிரதியும் தந்தை வழிப் பிரதியும் நீண்ட பகுதிகளுக்கு அச்சாக ஒன்றுபோல இருப்பது உட்கலப்பின் கைரேகை. மலைக் கொரில்லாவின் மரபணுத் தொகுதியில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அப்படி இருந்தது. எண்ணிக்கையில் மிகுந்த மேற்குக் கொரில்லாக்களோடு ஒப்பிட்டால், மரபணுப் பன்மை இரண்டு மூன்று மடங்கு குறைவு. இதுவரை யாருக்கும் வியப்பில்லை.

வியப்பு அடுத்ததில் வந்தது. மரபணுவை முழுதாகச் செயலிழக்கச் செய்யும் கடுமையான பிறழ்வுகளை எண்ணிப் பார்த்தபோது, அவை மேற்குக் கொரில்லாவைவிட மலைக் கொரில்லாவில் குறைவாக இருந்தன. காரணம், இந்தக் கூட்டம் சிறுத்தது நேற்று இன்றல்ல. ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளாக மெல்ல மெல்லச் சுருங்கி வந்திருக்கிறது. பெரிய கூட்டத்தில் பழுதான பிரதி நல்ல பிரதியின் நிழலில் ஒளிந்து தலைமுறை தலைமுறையாகத் தப்பிக்கும். சிறு கூட்டத்தில் உறவுச் சேர்க்கையால் இரண்டு பழுதுகள் அடிக்கடி ஒரே குட்டியில் சேர்ந்துவிடும், குட்டி சாகும், பழுதும் அதோடு போகும். ஆயிரக்கணக்கான தலைமுறைகள் இப்படி நடந்தால் வயல் ஓரளவு களையெடுக்கப்பட்டுவிடும்.

இந்தக் கண்டுபிடிப்பை நற்செய்தியாகவே பரப்பியவர்கள் உண்டு. முழுதாக அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு களைக்கும் விலையாக ஒரு குட்டி செத்திருக்கிறது. மேலும், உடனே கொல்லும் பழுதுகள்தான் இப்படி வெளியேறும். சிறிதளவே தீங்கு செய்பவை சல்லடையில் சிக்காமல் தங்கி, எல்லோருக்கும் பொதுவாகிவிடும். நோயெதிர்ப்பில் தொலைந்த வகைகளைக் களையெடுப்பு திருப்பித் தராது.

அருங்காட்சியகப் பல்லும் எலும்பும்

மலைக் கொரில்லாவுக்கு நெருங்கிய உறவினர் ஒன்று காங்கோவின் கிழக்குத் தாழ்நிலக் காடுகளில் இருக்கிறது. ஆஸ்திரியரான ருடால்ஃப் கிராவரின் பெயரால் கிராவர் கொரில்லா என்று வழங்கப்படுகிறது. 1990களின் நடுவில் இவை ஏறத்தாழ 17,000 இருந்தன. ருவாண்டா இனப்படுகொலையைத் தொடர்ந்து காங்கோவில் மூண்ட போர்களும், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுக் கருவிகளுக்குத் தேவையான கோல்டான் கனிமச் சுரங்கங்களும், சுரங்கத் தொழிலாளர்களின் உணவுக்காக நடந்த வேட்டையும் அவற்றைச் சூறையாடின. 2016இல் 3,800 என்று மதிப்பிட்டார்கள். விரிவான தேடலுக்குப் பின் 2021இல் அது 6,800 என்று திருத்தப்பட்டது. எப்படிப் பார்த்தாலும் பாதிக்கு மேல் போய்விட்டது.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு எளிய கேள்வியை எழுப்பினார்கள்: நூறாண்டுக்கு முன் இந்தக் கொரில்லாக்களின் மரபணுக்கள் எப்படி இருந்தன? விடை ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் அலமாரிகளில் கிடந்தது. அன்று வேட்டையாடிக் கொண்டுவந்த கொரில்லாக்களின் பல், எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து மரபணுத் தொகுதியைப் பிரித்தெடுத்து, இன்றைய கொரில்லாக்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2019இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வெளியானது.

மலைக் கொரில்லாவில் நூறாண்டுக்கு முன்னும் பன்மை குறைவு, இன்றும் குறைவு. பெரிய மாற்றம் இல்லை. கிராவர் கொரில்லாவிலோ நான்கைந்து தலைமுறைக்குள் பன்மை ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்திருந்தது. தீங்கு தரும் பிறழ்வுகள் கூட்டத்தில் பெருகியிருந்தன. கிருமிகளை எதிர்க்கும் திறனோடும் இனப்பெருக்கத்தோடும் தொடர்புடைய மரபணுக்களும் அதற்குத் தப்பவில்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கிராவர் கொரில்லா பல மடங்கு மிகுதி. பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பன்மை குறைவாக இருப்பது வேறு, குறைந்துகொண்டே போவது வேறு. முன்னது பழகிப்போன வறுமை. பின்னது கண்முன் நடக்கும் திவால். கிராவர் கொரில்லா சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நன்றாகப் பெருகிப் பரவிய இனம். ஒளிந்திருக்கும் பழுதுகளைச் சுமந்துகொண்டே பெரிய கூட்டமாக வாழ்ந்தது. இப்போது கூட்டம் சட்டென்று உடைந்து துண்டுகளானதும், அந்தப் பழுதுகள் வெளியே வரத் தொடங்கியிருக்கின்றன. களையெடுக்க அதற்கு ஒரு லட்சம் ஆண்டு அவகாசம் இல்லை.

சளி என்னும் ஆபத்து

மலைக் கொரில்லாவுக்குத் திரும்புவோம். பழகிய வறுமை என்றாலும் வறுமைதானே? அதன் சோதனை நோயில் தெரிகிறது. கொரில்லாவும் மனிதனும் மரபணுவில் மிக நெருக்கம். நமக்கு வரும் சளியும் அம்மையும் அவற்றுக்கும் வரும். 1988இல் விருங்காவில் பரவிய மூச்சுநோயில் 6 கொரில்லாக்கள் இறந்தன. மணல்வாரி அம்மையாக இருக்கலாம் என்று அஞ்சி, எறி ஊசிகளால் தடுப்பூசி போட்டார்கள். 1996இல் புவிண்டியில் சொறிசிரங்கு பரவி ஒரு குட்டி இறந்தது. அதைக் கையாண்ட உகாண்டாக் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, காட்டோரக் கிராம மக்களின் உடல்நலத்தைக் கவனித்தால்தான் கொரில்லாவைக் காக்க முடியும் என்று பின்னர் அதற்கென ஓர் அமைப்பையே தொடங்கினார். 2009இல் ருவாண்டாவின் ஹிர்வா என்ற கூட்டத்தில் இருந்த 12 கொரில்லாக்களில் 11 நோயுற்றன. ஒரு தாயும் ஒரு குட்டியும் இறந்தன. இறந்தவற்றில் கண்டறியப்பட்டது மனிதரிடையே சாதாரணமாகச் சளியை உண்டாக்கும் ஒரு வைரஸ்.

பன்னிரண்டில் பதினொன்று என்பதற்கு மரபணு ஒற்றுமை மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தக் கிருமி அவற்றுக்குப் புதிது. கூட்டமும் ஒட்டி உறவாடி வாழ்வது. ஆனால் பன்மை மிகுந்த ஒரு கூட்டத்தில் இருக்கக்கூடிய பலவகைக் காவலர்கள் இங்கே குறைவு என்பதை மறக்கக் கூடாது. அதனால்தான் சுற்றுலாப் பயணிகள் கொரில்லாவிடமிருந்து பல மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், சளி இருந்தால் ஏறவே கூடாது என்ற விதிகள் வந்தன. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசம் கட்டாயமானது.

அப்படியிருந்தும் எண்ணிக்கை எப்படிக் கூடியது? இதற்கு 2011இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவான விடை தந்தது. 1967 முதல் 2008 வரை விருங்காவில், மனிதரைக் கண்டு மிரளாதபடி பழக்கப்படுத்தப்பட்டு, காவலர்களும் மருத்துவர்களும் நாள்தோறும் பார்த்துவந்த கூட்டங்கள் ஆண்டுக்கு 4.1 விழுக்காடு வளர்ந்தன. அதே மலையில், அதே மரபணுக்களோடு, அப்படிப் பார்ப்பார் இல்லாமல் வாழ்ந்த கூட்டங்கள் ஆண்டுக்கு 0.7 விழுக்காடு தேய்ந்தன. கண்ணியை அறுக்க ஒருவர், நிமோனியாவுக்கு எதிர்உயிரி மருந்தை எறி ஊசியால் செலுத்த ஒருவர் இருந்தது எண்ணிக்கையை உயர்த்தியது. 1986 முதல் அங்கே இயங்கும் கால்நடை மருத்துவக் குழுவைக் ‘கொரில்லா மருத்துவர்கள்’ என்றே அழைக்கிறார்கள். காட்டு விலங்கு ஒன்றுக்கு இவ்வளவு நெருக்கமான மருத்துவம் வேறெங்கும் அரிது. பாடப்புத்தகம் பொய்யாகவில்லை, பன்மையின்மையால் வரும் ஆபத்தை மனித உழைப்பு ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

பெண்கள் புகுந்த வீடு

கொரில்லாக்களிடமும் ஒரு தற்காப்பு உண்டு. பெண் கொரில்லா வளர்ந்ததும் பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்கோ தனித்திருக்கும் ஆணிடமோ போய்விடும். தந்தையோடும் உடன்பிறந்தானோடும் சேராமலிருக்க இது பெரிதும் உதவுகிறது. பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும் பெண்களும், கூட்டத்தில் பல ஆண்கள் இருந்தால், தந்தையைத் தவிர்த்து வேறு ஆண்களோடு சேர்வதைக் கழிவிலிருந்து எடுத்த மரபணுக்களை வைத்து ஆய்வாளர்கள் உறுதிசெய்திருக்கிறார்கள்.

ஆனால் புகுந்த வீடும் அதே சில நூறுக்குள்தானே? எவ்வளவு தூரம் நடந்தாலும் மலையின் விளிம்பில் உருளைக்கிழங்கு வயல் தொடங்கிவிடுகிறது. விருங்காக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர். கரிசோகேப் பகுதியில் எண்ணிக்கை கூடக் கூடக் கூட்டங்கள் ஒன்றையொன்று சந்திப்பதும், ஆண்கள் மோதிக்கொள்வதும், அந்நிய ஆண்கள் குட்டிகளைக் கொல்வதும் பெருகி, வளர்ச்சி வேகம் தணிந்துவிட்டதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலைக் கொரில்லாவை ‘மிக ஆபத்தான நிலை’யிலிருந்து ‘ஆபத்தான நிலை’க்கு ஒரு படி இறக்கியது. அந்த அளவுக்கு நிலைமை தேறியிருக்கிறது. இனி வளர இடம் வேண்டும்.

ருவாண்டா அரசு தன் பக்கத்துப் பூங்காவை விரிவாக்கும் திட்டத்தை அறிவித்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் பூச்செடிக்காகக் கொடுத்த நிலத்தில் ஒரு சிறு பங்கையாவது காட்டுக்குத் திருப்பித் தரும் முயற்சி. அந்த நிலத்தில் இன்று உழுது விதைக்கும் குடும்பங்களுக்கு மாற்று வீடும் பிழைப்பும் தர வேண்டியிருக்கிறது. விருங்காவுக்கு இது உதவும். விருங்காவுக்கும் புவிண்டிக்கும் இடையே கிடக்கும் அந்த 25 கிலோமீட்டரை, ஆப்பிரிக்காவிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் கிராமப்புறங்களில் ஒன்றை, எந்தத் திட்டமும் இதுவரை இணைக்கவில்லை. 604உம் 459உம் தனித்தனிக் கணக்குகளாகவே இருக்கின்றன.